பூவில் இருப்பது தேனா? பூந்தேன் சுரக்கும் விதம்

வீடமைப்பு வளர்ச்சிக் கழக (வீவக) அடுக்குமாடி புளோக்குகளின் ஓரத்தில் வேலிபோல வரிசையாக நிற்கும் இட்லிப்பூச் செடியைப் பார்க்காதவர் சிங்கப்பூரில் இருக்க முடியாது. கொத்திலிருந்து ஒரு பூவை உருவி, அதன் அடியில் இருக்கும் பச்சை முனையைக் கிள்ளி மெல்ல இழுத்தால், தையல் நூல் போன்ற ஓர் இழை பூக்குழலுக்குள்ளிருந்து பின்பக்கமாக வழுக்கிக்கொண்டு வரும். இழையின் நுனி வெளியே வரும் நேரத்தில், குழலின் அடித்துளையில் கண்ணாடி மணிபோல ஒரு துளி திரண்டு நிற்கும். நாக்கில் வைத்தால் இனிக்கும். பல தலைமுறைப் பிள்ளைகள் பள்ளி விட்டு வரும் வழியில் சுவைத்த துளி அது.

அதைத் 'தேன்' என்றே எல்லாரும் சொல்கிறோம். குழப்பம் அங்கேதான் தொடங்குகிறது. பூவில் தேன் இருக்கிறது, தேனீ அதை அப்படியே எடுத்து வந்து கூட்டில் நிரப்புகிறது என்று பெரியவர்களே நம்புகிறார்கள். பூவின் சாறு தானாகக் கசிவதுதான் அது என்பவர்கள் உண்டு. மகரந்தத்தையும் அதையும் ஒன்றாகப் பேசுபவர்களும் உண்டு. மூன்றும் பிழை. செடி தன் சர்க்கரையைச் செலவழித்து, அதற்கென்றே வைத்திருக்கும் சுரப்பியில், தனக்குத் தோதான நேரத்தில் உண்டாக்கும் பொருள் அது.

## தேன் வேறு, பூந்தேன் வேறு

தமிழில் 'தேன்' என்ற ஒரே சொல் இரண்டு பொருளுக்கும் ஓடுகிறது. பழைய சொற்களான மது, நறவு ஆகியவையும் தேனையும் கள்ளையும் சேர்த்தே குறித்தன. பேச்சு வழக்குக்கு இது போதும். செடி என்ன செய்கிறது என்று புரிந்துகொள்ளப் போதாது. ஆகவே இங்கே ஒரு கோடு போட்டுக்கொள்வோம். பூ சுரக்கும் இனிப்பு நீர் பூந்தேன். தேனீ அதைக் கூட்டுக்குக் கொண்டுபோய்ப் பக்குவப்படுத்தி வைப்பது தேன்.

கரும்புச் சாற்றுக்கும் வெல்லத்துக்கும் உள்ள உறவுதான் இது. உணவங்காடி நிலையத்தில் பிழிந்து தரும் சாற்றை யாரும் வெல்லம் என்று சொல்வதில்லை.

பூந்தேனில் பெரும்பாலும் தண்ணீர்தான். அதில் கரைந்திருக்கும் சர்க்கரையின் அளவு செடிக்குச் செடி மாறும். 100 கிராம் பூந்தேனில் 10 கிராம் மட்டும் சர்க்கரை உள்ள பூக்கள் உண்டு. 60 கிராமைத் தாண்டுபவையும் உண்டு. பறவைகள் தேடி வரும் பூக்களில் பெரும்பாலும் 20 முதல் 25 கிராம்வரை இருக்கும். தேனீக்கள் இதைவிடக் கெட்டியானதை விரும்பும். சர்க்கரையோடு சிறிதளவு அமினோ அமிலம், உப்பு, மணப்பொருள் ஆகியவையும் கலந்திருக்கும். காப்பிச் செடியின் பூந்தேனில் காஃபீன்கூட இருக்கிறது. அதைக் குடித்த தேனீக்கள் அந்தப் பூவின் மணத்தை நெடுநேரம் நினைவில் வைத்துக்கொள்வதை 2013இல் வெளியான ஆய்வு ஒன்று காட்டியது.

தேனில் கணக்கு தலைகீழ். நன்கு முதிர்ந்த தேனில் தண்ணீர் 20 விழுக்காட்டுக்கும் குறைவு. தேனீ தன் உமிழ்நீரிலிருந்து இன்வர்ட்டேஸ் என்ற நொதியைக் கலந்து சர்க்கரையை உடைக்கும். பிறகு சிறகை விசிறி விசிறித் தண்ணீரை ஆவியாக்கும். நொதி என்பது உயிரினங்களுக்குள் வேதிமாற்றத்தை விரைவாக்கும் புரதம். இந்த இன்வர்ட்டேஸ் பின்னால் மறுபடி வரும். செடியும் இதே வகை நொதியைத்தான் பயன்படுத்துகிறது. 20 விழுக்காட்டுப் பூந்தேனிலிருந்து 1 கிலோ தேன் ஆக ஏறத்தாழ 4 கிலோ பூந்தேன் வேண்டும். 40 விழுக்காடு என்றால் 2 கிலோ. பறக்கும்போது தேனீ எரித்துவிடும் சர்க்கரை இந்தக் கணக்கில் சேரவில்லை.

மகரந்தம் முற்றிலும் வேறு. அது தூள். மகரந்தத் தாள்களின் நுனிப்பையில் உண்டாகி, ஆண் உயிரணுக்களைச் சுமப்பது. தேனீ காலில் மஞ்சள் உருண்டையாகக் கட்டிக்கொண்டு போவது அதைத்தான்.

சுருக்கமாக: பூந்தேன் சர்க்கரை கரைந்த நீர், செடி தருவது. தேன் அதிலிருந்து தேனீ செய்வது. மகரந்தம் இரண்டிலும் சேராது.

## சர்க்கரை பிறப்பது இலையில்

பூ இனிப்பாக இருக்கிறது என்பதால் இனிப்பு பூவிலேயே பிறக்கிறது என்று தோன்றும். ஆனால் சர்க்கரை முதலில் உண்டாவது பெரும்பாலும் இலையில்தான். வெயில், தண்ணீர், காற்றிலிருக்கும் கரியமில வாயு ஆகியவற்றைக் கொண்டு இலை சர்க்கரை செய்கிறது. அது சுக்ரோஸ் வடிவில், அதாவது நாம் தேநீரில் போடும் அதே சீனியாக, செடியின் மற்ற பாகங்களுக்குப் போகிறது. அதைக் கொண்டுசெல்லும் குழாய்த் தொகுதிக்குப் புளோயம் என்று பெயர். வேரிலிருந்து தண்ணீரை மேலே ஏற்றும் குழாய்த் தொகுதி வேறு, அது சைலம்.

புளோயத்தில் ஓடும் சாற்றை நாம் அறியாமலே சுவைத்திருக்கிறோம். பனம்பாளையைச் சீவினால் வடியும் பதநீர், புளோயச் சாறுதான். ஏறத்தாழ 10 முதல் 15 விழுக்காடு சர்க்கரை அதில் இருக்கும். செண்டோலில் ஊற்றும் குலா மலாக்கா, தென்னம்பாளையைச் சீவி எடுத்த அதே வகைச் சாற்றைக் காய்ச்சியது.

பதநீர் வடிய ஒருவர் அரிவாளால் குழாயை அறுக்க வேண்டும். பூந்தேனுக்கு யாரும் எதையும் அறுப்பதில்லை. புளோயச் சாற்றை வாங்கி, அதிலிருக்கும் அமினோ அமிலம் முதலியவற்றில் பெரும்பகுதியைச் செடி தனக்கென்று வைத்துக்கொண்டு, சர்க்கரை நீரை மட்டும் ஒரு வாசல் வழியாக வெளியே விடுகிறது. அந்த வாசல் உள்ள பகுதிதான் பூந்தேன் சுரப்பி.

## சுரப்பி எங்கே இருக்கிறது?

இது எல்லாப் பூவிலும் ஒரே இடத்தில் இருக்காது. சமையலறையிலும் தொட்டியிலும் கிடைக்கும் பூக்களை வைத்தே பார்த்துவிடலாம்.

செம்பருத்தியை எடுத்துக்கொள்ளுங்கள். அடியில் பச்சை நிறத்தில் கிண்ணம்போல இருப்பது புல்லிவட்டம். அதை ஒரு பக்கமாக நகத்தால் கிழித்து விரித்து, இதழ்களின் அடியை விலக்கிவிட்டு, கிண்ணத்தின் உட்புறத்தை அடியோடு பாருங்கள். வெளிறிய வளையம் ஒன்று ஈரமாகப் பளபளக்கும். 10 மடங்கு பெரிதாக்கும் கைக்கண்ணாடியில் அது வெல்வெட் துணிபோலத் தெரியும். அந்த வெல்வெட்டின் ஒவ்வொரு மயிரும் பல உயிரணுக்கள் அடுக்கிய ஒரு சுரப்பு மயிர். பூந்தேன் அங்கே ஊறி, இதழ்களின் அடியில் இருக்கும் இடுக்குகள் வழியாக எட்டும் நிலையில் நிற்கிறது. தேன்சிட்டு சில சமயம் பூவின் வாயில் நுழையாமல் பக்கவாட்டில் உட்கார்ந்து அடியைக் குத்துவது இதனால்தான். வாயில் நுழைந்தால் நீண்டு நிற்கும் தண்டிலுள்ள மகரந்தம் அதன் மேல் படும். அடியைக் குத்திக் குடித்துவிட்டுப் போனால் செடிக்கு ஒரு வேலையும் நடக்காது. கொடுத்த கூலி வீண். தாவரவியலில் இதைப் பூந்தேன் திருட்டு என்றே சொல்வார்கள்.

வாழைப்பூ இன்னும் நல்ல பாடம். தேக்காச் சந்தையில் வாங்கும் வாழைப்பூவின் மடலைத் திறந்தால் உள்ளே இரண்டு வரிசையாகச் சிறு பூக்கள் இருக்கும். ஒவ்வொன்றிலும் 'கள்ளன்' என்று நாம் கிள்ளி எறியும் விறைத்த நரம்பும், கண்ணாடித் தாள் போன்ற ஒரு சிறு செதிலும் உண்டு. அந்தச் செதில்தான் பூந்தேன் தங்கும் கிண்ணம். சுரப்பி இருப்பது அதற்கும் கீழே, விதை உருவாகும் பகுதியான சூலகத்தின் உள்ளே. சூலகம் மூன்று அறைகளாகப் பிரியும் சுவர்களில் மெல்லிய பிளவுகள் உள்ளன. அங்கே ஊறும் பூந்தேன் கள்ளனின் அடியருகே இருக்கும் துளைகள் வழியாக வெளியே வருகிறது. நாம் சமைப்பது பெரும்பாலும் காய்க்காத ஆண் பூக்களைத்தான். அவற்றில் சூலகம் விதைக்கு உதவாது, ஆனாலும் சுரப்பி வேலை செய்கிறது. வாழைப்பூ நறுக்கும்போது கையைக் கறுப்பாக்குவது பூந்தேன் அன்று. அது வாழையின் பால். இரண்டையும் குழப்பிக்கொள்வதைப் பல இடங்களில் பார்க்கலாம்.

இட்லிப்பூவில் சுரப்பி ஒரு சிறு வட்டத்தட்டு. சூலகத்தின் தலையில், அந்த நூலிழை புறப்படும் இடத்தைச் சுற்றி அமர்ந்திருக்கும். இழையை இழுக்கும்போது அதன் பிளந்த நுனி குழலைத் துடைத்துக்கொண்டே வருவதால்தான் பூந்தேன் துளியாகத் திரள்கிறது.

## மாங்காயும் உப்பும்: சுரக்கும் விதம்

அறுத்த மாங்காய்த் துண்டுகளில் உப்பைத் தூவிக் கால் மணி நேரம் வையுங்கள். கிண்ணத்தின் அடியில் நீர் கோத்துக்கொண்டிருக்கும். யாரும் தண்ணீர் ஊற்றவில்லை. வெளியே உப்பு அதிகம் இருந்ததால், மாங்காயின் உயிரணுக்களுக்குள் இருந்த தண்ணீர் வெளியே வந்துவிட்டது. கரைந்த பொருள் குறைவாக உள்ள பக்கத்திலிருந்து அதிகமாக உள்ள பக்கத்துக்கு, உயிரணுவின் மெல்லிய சவ்வைக் கடந்து தண்ணீர் போவதற்குச் சவ்வூடு பரவல் என்று பெயர்.

சுரப்பி நம்பியிருப்பதும் இதே இயல்பைத்தான். உப்புக்குப் பதில் சர்க்கரை. அதை வெளியிலிருந்து தூவ ஆள் கிடையாது. சுரப்பியின் உயிரணுக்களே தமக்குள்ளிருந்து எடுத்து வெளியே வைக்கின்றன. சர்க்கரை முன்னே போகும், தண்ணீர் பின்னே வரும். இந்த ஒரு வரி மனத்தில் நின்றால் மற்றவை எளிதில் பிடிபடும்.

முதல் கட்டம் சேமிப்பு. புகையிலைச் செடி போன்றவற்றில், மொட்டாக இருக்கும்போதே சுரப்பியின் உயிரணுக்கள் மாவுச்சத்து மணிகளால் நிறைந்துவிடும். கல்யாணத்துக்கு முன்பே அரிசி மூட்டைகளை அடுக்கி வைப்பது போல. பூ விரியும் சமயத்தில் சில மணி நேரத்துக்குள் அந்த மாவுச்சத்து உடைந்து சர்க்கரையாகிறது. வேறு சில செடிகளில் சேமிப்பு குறைவு. புளோயத்தில் வந்துகொண்டிருக்கும் சர்க்கரையே நேரடியாகப் பயன்படும்.

அடுத்து, கிடைத்த சர்க்கரையிலிருந்து உயிரணுவுக்குள் சுக்ரோஸ் கட்டப்படுகிறது. இது ஆற்றல் செலவாகும் வேலை. உள்ளே சுக்ரோஸ் குவியக் குவிய, வெளியே போகும் உந்துதல் கூடும்.

மூன்றாவது, வாசல். சர்க்கரையால் உயிரணுச் சவ்வைத் தானாகத் தாண்ட முடியாது. சவ்வில் பதிந்திருக்கும் ஒரு புரதம் வாயிற்கதவாக இருந்து அதை வெளியே விடுகிறது. அதற்கு ஸ்வீட்9 என்று பெயர். கடுகின் உறவான அராபிடாப்சிஸ் என்ற சிறு செடியில் இந்தப் புரதம் இல்லாமல் செய்து பார்த்தார்கள். பூ வழக்கம்போல விரிந்தது, பூந்தேன் மட்டும் வரவில்லை. 2014இல் வெளியான இந்த ஆய்வு, அதே கதவு காட்டுப் புகையிலையிலும் தேவைப்படுவதைக் காட்டியது. பூந்தேன் வெறும் கசிவு என்ற எண்ணத்துக்கு இதைவிடத் தெளிவான மறுப்பு தேவையில்லை. வெறும் கசிவாக இருந்தால் ஒரு கதவு இல்லாததால் நின்றுபோகாது.

நான்காவது கட்டம்தான் மிக அழகானது. வெளியே வந்த சுக்ரோஸை, உயிரணுச் சுவரில் காத்திருக்கும் இன்வர்ட்டேஸ் நொதி குளுக்கோஸ், ஃபிரக்டோஸ் என்று இரண்டாக வெட்டுகிறது. இதனால் இரண்டு பலன். வெளியே சுக்ரோஸ் குறைந்துகொண்டே இருப்பதால், உள்ளே இருக்கும் சுக்ரோஸ் தொடர்ந்து வெளியே வரும். வாசலில் கூட்டம் தேங்காமல் கலைத்துவிடுவதுபோல. அடுத்து, ஒரு மூலக்கூறு இரண்டாகிவிடுவதால் தண்ணீரை இழுக்கும் வலிமை இரு மடங்காகிறது. சவ்வூடு பரவலுக்கு எடை முக்கியமில்லை. எத்தனை மூலக்கூறு என்பதுதான் கணக்கு. அராபிடாப்சிஸில் இந்த நொதி இல்லாத செடிகள் பூந்தேன் சுரக்கவில்லை என்பது 2010இலேயே தெரிந்துவிட்டது. எல்லாச் செடியும் இதே அளவு வெட்டுவதில்லை. வெட்டு குறைவாக நடக்கும் பூக்களில் பூந்தேன் சுக்ரோஸ் மிகுந்ததாகவே இருக்கும்.

பிறகு தண்ணீர். சர்க்கரை குவிந்த பக்கம் நோக்கி அது தானே வந்து சேர்கிறது. இப்போது இருப்பது பூந்தேன்.

கடைசியாக, வெளியேறும் வழி. இலையில் காற்றுப் போக்குவரத்துக்கு இலைத்துளைகள் இருப்பது பள்ளியில் படித்ததுதான். பல சுரப்பிகளில் அதே வகைத் துளைகள் உருமாறி, மூடும் திறனை இழந்து, பூந்தேன் வெளிவரும் வாய்களாகிவிட்டன. செம்பருத்தியில் மயிர்களின் நுனி வழியாக வருகிறது. இன்னும் சில பூக்களில் மேல்தோலின் மெழுகுப் படலம் விரிசல் விட்டு வழிவிடும்.

சுருக்கமாக: சேமித்த சர்க்கரை சுக்ரோஸாகிறது, கதவு வழியே வெளியேறுகிறது, இரண்டாக உடைகிறது, தண்ணீரை இழுக்கிறது, துளை வழியே துளியாகிறது.

## எப்போது சுரக்கும்? மிஞ்சினால் என்ன ஆகும்?

தேவையற்ற நேரத்தில் பூந்தேன் தருவது செடிக்கு நட்டம். எருக்கின் உறவான ஒரு வட அமெரிக்கச் செடி, ஒரு நாளில் உண்டாக்கும் சர்க்கரையில் மூன்றில் ஒரு பங்குக்கும் மேல் பூந்தேனுக்குச் செலவிடக்கூடும் என்று கணக்கிட்டிருக்கிறார்கள். ஆகவே விருந்தாளி வரும் நேரம் பார்த்தே பந்தி.

டுரியான் பூ பிற்பகலில் விரியத் தொடங்கி இரவில் பூந்தேனை வாரி வழங்கும். அதைத் தேடி வருவது வௌவால். சிங்கப்பூரின் மேம்பாலங்களுக்கு அடியில் பகலில் தொங்கும் குகைப் பூந்தேன் வௌவால் இரவில் டுரியான், பெத்தாய் மரப் பூக்களைத் தேடிப் போகிறது. டுரியானும் செம்பருத்தியும் ஒரே குடும்பம் என்பதால் சுரப்பி இருக்குமிடமும் ஒன்றுதான்: புல்லிவட்டத்தின் உட்புறம்.

யாரும் குடிக்காத பூந்தேனைப் பல செடிகள் திரும்ப உறிஞ்சிக்கொள்ளும். குடித்துவிட்டால் மறுபடி ஊற வைப்பவையும் உண்டு.

நம் ஊர்க் காற்றுக்கும் இதில் பங்கு உண்டு. சிங்கப்பூரில் விடியலுக்கு முன் காற்றின் ஈரப்பதம் 90 விழுக்காட்டைத் தாண்டும். மழையில்லாத பிற்பகலில் 60 விழுக்காடு அளவுக்கு இறங்கும். திறந்த பூவில் கிடக்கும் பூந்தேன் அதற்கேற்பக் காலையில் நீர்த்தும் மதியத்தில் கெட்டியாகவும் இருக்கும். ஒரு மழை போதும், திறந்த கிண்ணத்தில் இருப்பதைக் கழுவிவிட. இட்லிப்பூவின் ஒடுங்கிய குழல் இந்த இரண்டிலிருந்தும் காக்கிறது. கெட்டிப்படுவது சிறிய விஷயமில்லை: 20 விழுக்காட்டுச் சுக்ரோஸ் நீரைவிட 60 விழுக்காட்டு நீர் ஏறத்தாழ 30 மடங்கு பிசுக்கானது. நீண்ட நாக்கால் உறிஞ்சும் பூச்சிக்கு அது பாகு குடிப்பதுபோல ஆகிவிடும்.

## பூந்தேனே இல்லாத பூக்கள்

கத்தரி, தக்காளிப் பூக்களில் பூந்தேன் கிடையாது. அங்கே வரும் வண்டுகளும் தேனீக்களும் மகரந்தத்துக்காக வருபவை. புதரோரங்களில் ஊதா நிறத்தில் பூக்கும் செண்டுடுக் செடியும் அப்படித்தான். கருவண்டுபோலத் தோன்றும் தச்சுத் தேனீ அதில் அமர்ந்து 'ர்ர்ர்' என்று உடலை அதிரவைக்கும்போது மகரந்தம் துளை வழியே கொட்டுகிறது.

ஃபிராங்கிபானி பூவின் மணத்தை நம்பி அதற்குள் ஏதோ இருக்கிறது என்று நினைப்போம். அந்துப்பூச்சியும் அப்படியே நினைத்து ஏமாறுகிறது. மணம் இதழிலிருந்து வருகிறது. உள்ளே ஒரு துளிகூட இல்லை. மணம் வேறு, பூந்தேன் வேறு என்பதற்கு வேறு சான்று வேண்டாம்.

## பூவுக்கு வெளியேயும் சுரக்கும்

பேஷன்ஃபுரூட்டு கொடியின் இலைக்காம்பில், இலை தொடங்கும் இடத்துக்கு அருகே கடுகளவில் இரண்டு மேடுகள் இருக்கும். ஆமணக்கின் காம்பிலும் இப்படி மேடுகள் உண்டு. கடலோரத்தில் நிற்கும் நீர்ப்பருத்தி இலையைத் திருப்பினால், நடுநரம்பின் அடியில் கீறல்போல ஒரு சுரப்பி தெரியும். இவையும் பூந்தேன் சுரப்பவையே. மகரந்தச் சேர்க்கைக்கும் இவற்றுக்கும் தொடர்பில்லை. இனிப்புக்கு வரும் எறும்புகள் இலையைத் தின்னும் புழுக்களை விரட்டுகின்றன. அதற்கான கூலி இது.

கெண்ட் ரிட்ஜ் பூங்காவில் காணக்கூடிய குடுவைத் தாவரங்கள் இதே திறனை வேறுவிதமாகப் பயன்படுத்துகின்றன. குடுவையின் விளிம்பிலும் மூடியிலும் பூந்தேன் சுரந்து எறும்புகளை அழைக்கும். ஈரமான விளிம்பில் கால் வழுக்கினால் உள்ளே இருக்கும் திரவத்தில் விழ வேண்டியதுதான்.

## இலையில் பிசுபிசுப்பா? எந்தத் துளி என்று பாருங்கள்

வீட்டுத் தாழ்வாரத்தில் செடி வளர்ப்பவர்கள் அதிகம் தடுமாறுவது இங்கேதான். செம்பருத்தி இலை பிசுபிசுக்கிறது, எறும்பு ஊர்கிறது. செடி தேன் சுரக்கிறது என்று மகிழ்ந்து விட்டுவிடுவார்கள். இரண்டு வாரத்தில் இலை கறுத்துவிடும்.

இலையின் மேற்பரப்பில் தாறுமாறாகத் தெளித்ததுபோலப் பிசுபிசுப்பு இருந்தால் அது பூந்தேன் அன்று. மேலே இருக்கும் இலையின் அடியையும் கணுக்களையும் பாருங்கள். மாவுப்பூச்சியோ அசுவினியோ செதில்பூச்சியோ இருக்கும். அவை புளோயத்தில் ஊசி குத்திச் சாற்றை உறிஞ்சி, மிஞ்சிய சர்க்கரையைக் கழிவாக வெளியேற்றுகின்றன. அந்தச் சர்க்கரையில் கரும்பூசணம் படர்வதால்தான் இலை கறுக்கிறது. பூச்சியைப் போக்காமல் இலையை மட்டும் துடைப்பதால் பயனில்லை.

விடிகாலையில் இலையின் விளிம்பில் வரிசையாக நிற்கும் தெளிந்த துளிகள் மூன்றாவது வகை. இரவில் வேர் ஏற்றிய தண்ணீர் இலை விளிம்புத் துளைகள் வழியாக வெளியேறியது அது. பிசுக்கு இருக்காது, வெயில் ஏறியதும் காய்ந்துவிடும். செடிக்கு நோயில்லை.

பூந்தேன் என்றால் ஒவ்வோர் இலையிலும் ஒவ்வொரு பூவிலும் அதே இடத்தில், அதே வடிவ மேட்டிலோ கீறலிலோ துளி நிற்கும். இடம் மாறாமல் இருப்பதுதான் அடையாளம்.

## தொட்டிச் செடியில் பூந்தேன் கூட வேண்டுமானால்

வேரில் சர்க்கரைத் தண்ணீர் ஊற்றினால் பூந்தேன் பெருகும் என்று சிலர் நம்புகிறார்கள். பெருகாது. பூந்தேனுக்கான சர்க்கரை இலையிலிருந்து இறங்குவது. வேரிலிருந்து ஏறுவது இல்லை. மண்ணில் சர்க்கரை கூடினால் மாங்காய்க்கு நடந்ததே வேருக்கும் நடக்கும், தண்ணீர் எடுக்கத் திணறும். போதாக்குறைக்கு எறும்பும் பூசணமும்.

தேவையானது வெயில். செம்பருத்திக்கு நாளுக்கு நான்கைந்து மணி நேரமாவது நேர் வெயில் வேண்டும். எதிர் புளோக்கின் நிழல் நாள் முழுக்க விழும் தாழ்வாரத்தில் இலை இருந்தாலும் சர்க்கரை இருக்காது. தொட்டி மண் வறண்டுவிட்டால் சர்க்கரை இருந்தும் பின்னே வரத் தண்ணீர் இருக்காது. தழைச்சத்து மிகுந்த உரத்தை அள்ளிப் போட்டால் இலை செழிக்கும், பூ குறையும்.

பூச்சிமருந்தில் கவனம் வேண்டும். இமிடாகுளோபிரிட் போன்ற ஊடுருவும் மருந்துகள் செடியின் சாற்றில் கலந்து பூந்தேன்வரை வந்து சேரும். தேன்சிட்டும் தேனீயும் குடிக்கும் செடிக்கு அவை வேண்டாம். மாவுப்பூச்சியைத் தண்ணீர் பீய்ச்சியும் சோப்பு நீரில் தோய்த்த பஞ்சால் துடைத்தும் அகற்றலாம். சாலையோர இட்லிப்பூவைப் பிள்ளைகள் சுவைக்காமலிருப்பது நல்லது, மருந்து தெளித்திருக்கலாம். அரளியைத் தொட்டுச் சுவைக்கவே கூடாது, அதன் எல்லாப் பாகமும் நஞ்சு.

அளந்து பார்க்க விரும்புவோருக்கு: உங்கள் சொந்தச் செடியையே பயன்படுத்துங்கள், பொதுப் பூங்காக்களில் அனுமதியின்றிப் பூப்பறிப்பது சட்டப்படி குற்றம். நாளை விரியும் மொட்டுக்கு இன்று மாலை மெல்லிய வலைப்பை கட்டிவிடுங்கள், இல்லாவிட்டால் நீங்கள் அளப்பது எறும்பு மிச்சம் வைத்ததைத்தான். காலையில் 5 மைக்ரோலிட்டர் கண்ணாடி நுண்குழாயைச் சுரப்பியருகே மெல்ல வைத்தால் பூந்தேன் தானே ஏறும். பூவை அழுத்தாதீர்கள், அழுத்தினால் இதழின் சாறு கலந்து அளவு கெட்டுவிடும். இரண்டு மூன்று பூக்களில் சேர்த்ததை, சர்க்கரை அளவைக் காட்டும் கையடக்க ஒளிவிலகல்மானியின் கண்ணாடியில் விட்டு, பிரிக்ஸ் அளவைப் படியுங்கள். 0 முதல் 32 பிரிக்ஸ்வரை காட்டும் கருவி செம்பருத்திக்குப் போதும். தேனுக்கென்று விற்கும் கருவி 58க்கு மேல்தான் தொடங்கும், இதற்கு உதவாது. அளவு 32ஐத் தாண்டினால் சம எடை காய்ச்சி வடித்த நீர் கலந்து மறுபடி பார்த்து இரட்டிப்பாக்குங்கள்.

பிரிக்ஸ் என்பது 100 கிராம் கரைசலில் உள்ள சர்க்கரை, 100 மில்லிலிட்டரில் உள்ளது அன்று. 30 பிரிக்ஸ் காட்டினால் 100 மில்லிலிட்டரில் ஏறத்தாழ 34 கிராம் இருக்கிறது. 10 மைக்ரோலிட்டர் பூந்தேன் 20 பிரிக்ஸ் என்றால் அந்தப் பூ அன்று கொடுத்த சர்க்கரை 2 மில்லிகிராமுக்குச் சற்று அதிகம்.